போனா, நோட்டா, ஒரே ஜன்னலா? அன்றாடத்திலிருந்து கலைக்குச் சரக்கு சேர்க்கும் வழிகள்

போனில் இடம் இல்லை என்று மூன்றாவது முறையாக எச்சரிக்கை வந்தபோது, சரி, இன்றைக்கு உட்கார்ந்து ஒழித்துவிடுவோம் என்று கேலரியைத் திறந்தேன். ஈரம் ஊறிய ஒரு சுவர். கிழிந்த சுவரொட்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கும் இன்னொரு சுவரொட்டி. சாயங்கால வெயிலில் நீண்டு கிடக்கும் சைக்கிள் நிழல். பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கும் யாரோ ஒருவருடைய கை. எல்லாமே ‘இதை ஒருநாள் வரையணும்’ என்று நினைத்து எடுத்தவை. எடுத்தது ஞாபகம் இருந்தது, எதற்கு எடுத்தேன் என்பது மறந்துபோயிருந்தது. அந்தக் கையில் எதைப் பார்த்தேன்? நகத்தையா, பிடியையா, கம்பியில் பட்ட வெளிச்சத்தையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அழித்துவிட்டேன்.

அதே வாரம் பழைய நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. அதிலும் ஒரு பேருந்துக் கை இருந்தது, வேறு யாருடையதோ. ஓரத்தில் நாலைந்து கோடு, பக்கத்தில் ஒரு வரி: ‘கட்டைவிரல் மட்டும் கம்பியைத் தொடவில்லை.’ கோடு படுமோசம். ஆனால் அந்த வரியைப் படித்ததுமே முழுக் கையும், அந்த ஆள் நின்ற சாய்வும் கண்முன்னே வந்துவிட்டன. அன்று ராத்திரியே அதை வரைந்து முடித்தேன்.

கலைக்கான பொறி பக்கத்திலேயே கிடக்கிறது, அதைத் தேடி மலை உச்சிக்குப் போக வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. என் தலைவலி அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் கிடப்பதை எப்படி எடுத்து வைப்பது? வேலை, வீடு, தூக்கம் எல்லாம் போக நாளுக்கு அரை மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அந்த அரை மணியில் போனைத் தூக்கிக்கொண்டு போவதா, நோட்டைத் திறப்பதா, பிறர் பேச்சைக் காதில் வாங்கி எழுதுவதா, சும்மா நடப்பதா, கண்ணில் பட்டதைப் பொறுக்கி வருவதா, அல்லது எங்கும் போகாமல் ஒரே பொருளின் எதிரில் உட்கார்ந்துவிடுவதா? ஆறையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். ஆறுக்கும் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். சேர்த்ததை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் கை பரபரக்கிறதா?

போன்

போன் கேமராவைத் திட்டுவது சுலபம், அதனால் முதலில் அதன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்போதும் கையோடு இருக்கிறது. ஒரு நொடியில் வேலை முடிகிறது. புறா ஒன்று கம்பியை விட்டு எழும்பும் கணம், காற்றில் குடை பின்புறமாக மடங்கும் கணம், இவையெல்லாம் நோட்டைத் திறப்பதற்குள் போயே போய்விடும். துருவின் நிறம் எப்படி இருந்தது, கடைப்பலகையில் எழுத்து எந்த வளைவில் முடிந்தது என்ற விவரங்களில் என் ஞாபகத்தைவிடப் படம் நம்பகமானது. புகைப்படமே உங்கள் கலை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

தாண்டுவதற்கு முன் இரண்டு புகைப்படக்காரர்களைப் பற்றி மட்டும். விவியன் மேயர் அமெரிக்காவில் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அந்த வேலைக்கு நடுவிலேயே சிகாகோ, நியூயார்க் தெருக்களை எடுத்துத் தள்ளினார். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். வாடகை பாக்கியானதால் அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பல பிலிம் ரோல்கள் கழுவாமலே கிடந்தன. தான் எடுத்த படங்களில் பெரும்பகுதியை அச்சில் பார்க்காமலே 2009இல் அவர் இறந்தார். இன்னொருவர் கேரி வினோகிராண்ட். எடுத்த சூட்டில் பார்த்தால் அன்றைய சந்தோஷமே படத்துக்கு மார்க் போட்டுவிடும் என்று, வேண்டுமென்றே நாள் கடத்திக் கழுவுகிறவர் அவர். நல்ல யோசனைதான். ஆனால் 1984இல் அவர் இறந்தபோது எடுத்தும் கழுவாத ரோல்கள் சுமார் 2,500 மிஞ்சின. இருவரும் மேதைகள், அவர்கள் விட்டுப்போன குவியலுக்குள் புகுந்து தேட ஆட்கள் வந்தார்கள். என் கேலரிக்குள் யாரும் வரப்போவதில்லை.

குவிவது ஒரு பிரச்சினை என்றால், பார்வை தளர்வது இன்னொன்று. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருள்களைப் படமெடுக்கவும், சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டால், படமெடுத்த பொருள்களைப் பற்றி அவர்களுக்கு நினைவில் இருந்தது குறைவு. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறது போல. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தபோது ஞாபகம் குறையவில்லை. எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுப்பதற்காவது ஒரு முறை ஒழுங்காகப் பார்க்க வேண்டியிருக்கிறதே!

போனை விடவே முடியாது என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். அகலமாக எடுக்காதீர்கள். கிட்டே போய், உங்களை நிறுத்தியது எதுவோ அதை மட்டும் எடுங்கள். அன்று படுக்கப்போகும் முன் அந்தப் படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். எழுத வரி வரவில்லையா, படத்தை அழித்துவிடுங்கள். இந்த ஒரு வடிகட்டியை வைத்த பிறகு என் கேலரியில் வாரத்துக்கு மூன்று நான்கு படங்கள்தான் மிஞ்சுகின்றன, மிஞ்சுவது ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிகிறது. இருந்தாலும் ஒன்று: படத்தைப் பார்த்து வரையும்போது நான் படத்தைத்தான் வரைகிறேன். லென்ஸ் முடிவு செய்த ஓரமும் வெளிச்சமும் அப்படியே காகிதத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நோட்டு

நோட்டு மெதுவானது. அதனால்தான் அதை முதலிடத்தில் வைக்கிறேன்.

ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் என்றாலே ஒரு கணத்தைக் கேமராவில் பிடித்தவர் என்றுதான் உலகம் சொல்லும். அவர் ஓவியம் படித்து, பிறகு புகைப்படத்துக்கு வந்தவர். 1970களின் தொடக்கத்தில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி வரையப் போனார், 2004இல் சாகும்வரை வரைந்துகொண்டிருந்தார். இதை வைத்துக் கேமரா தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பார்ப்பதில் அவ்வளவு பழகிய கண்ணுக்கும் பென்சிலின் வேகம் வேறு எதையோ கொடுத்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வரையத் தெரியாதே என்கிறீர்களா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வில் சாதாரண ஆட்களிடம் சொற்களைக் கொடுத்து, சிலவற்றை எழுதவும் சிலவற்றைப் படமாக வரையவும் சொன்னார்கள். வரைந்த சொற்கள் எழுதியவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. வரைய நாலு நொடிதான் கிடைத்தபோதும் அப்படியே. படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. கோணல் கோடு போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம். என் பேருந்துக் கையே அதற்கு இன்னொரு சாட்சி.

லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்குச் சொன்ன யோசனைகளில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, சின்ன நோட்டு ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருந்து, மனிதர்கள் பேசும்போதும் சண்டை போடும்போதும் சிரிக்கும்போதும் உடம்பு எப்படி நிற்கிறது என்று சுருக்கமான கோடுகளில் குறித்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்று, கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கச் சொன்னார், அவற்றில் மலையும் ஆறும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்றார். நான் அழித்த அந்த ஈரச்சுவர் ஞாபகம் வந்தது. எதிரில் நின்று பத்து நிமிடம் பார்த்திருந்தால் அதிலும் ஏதாவது தெரிந்திருக்குமோ என்னவோ. நான் நின்றது ‘க்ளிக்’ சத்தம் கேட்கும் வரைதான்.

நோட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள், நானும் பல வருடம் வழுக்கினேன். ‘இன்று மாலை மனசை என்னவோ செய்தது’, ‘தெருவே தனிமையாக இருந்தது’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் படித்தால் எதுவும் எழாது. மனசை என்னவோ செய்தது எது என்று எழுதவில்லையே!

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது சங்கப் பாடல்களிடம். அங்கே சில புலவர்களின் சொந்தப் பெயர் காணாமல்போய், அவர்கள் பார்த்த ஒரு பொருளே பெயராக நின்றுவிட்டது. அணிலாடு முன்றிலார் என்று ஒருவர். காதலன் பிரிந்த பெண் தன் நிலையைச் சொல்கிறாள்: ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி இருக்கிறேன். ‘தனிமை’ என்று எழுதாமல் அணிலை எழுதியிருக்கிறார். மனிதர் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்தின் நடுவுக்கு வராது என்பதைக் கண்ணால் கண்டவருக்குத்தான் இது கிடைக்கும். தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று இன்னொருவர். வீட்டுக்குத் திரும்பு என்கிறது நெஞ்சு, எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு. நடுவில் உடம்பு என்ன பாடுபடுகிறது என்றால், இரண்டு பக்கமும் யானைகள் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழைய கயிறு போல. ‘பழைய கயிறு’ என்று மட்டும் குறித்திருந்தால் ஒன்றுமில்லை, புரி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்ததில்தான் இருக்கிறது. குப்பைமேட்டில் ஏவிவிடவும் ஆளில்லாமல், விலக்கிவிடவும் ஆளில்லாமல் தாமாகவே சண்டையிட்டு ஓயும் கோழிகளைப் பார்த்தவர் குப்பைக் கோழியார் ஆகிவிட்டார். அந்தக் கோழிச் சண்டையை எத்தனை ஆயிரம் பேர் தாண்டிப் போயிருப்பார்கள்!

ஆகவே நோட்டில் இப்போது நான் உணர்ச்சியை எழுதுவதில்லை. அணிலை எழுதுகிறேன். மூன்று வரிக்கு மேல் போவதில்லை.

கோடு சுத்தமாக வராது, வரைவதே பிடிக்காது என்பவர்களுக்கு நோட்டிலேயே இன்னொரு பாதை உண்டு: பட்டியல். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1974 அக்டோபரில் மூன்று நாள் பாரிஸின் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து, முக்கியமானவை என்று யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். போகிற பேருந்தின் எண், புறாக்கள் கிளம்புவது, பை தூக்கிப் போகிறவர்கள், வெளிச்சம் மாறுவது. அரை மணிக்கு இது கச்சிதமான பயிற்சி. முதல் பத்து நிமிடம் எல்லோரும் எழுதுவதையே நாமும் எழுதுவோம். அதெல்லாம் தீர்ந்த பிறகு கண் வேறு வழியில்லாமல் சின்னவற்றுக்கு இறங்கும்.

குறைகளும் இருக்கின்றன. பொது இடத்தில் நோட்டை எடுத்தால் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், அந்தக் கூச்சம் போகச் சில வாரம் ஆகும். இருட்டில் முடியாது. மழையில் முடியாது, அல்லது முடிகிறது என்று நினைப்போம். என்னுடைய நோட்டு ஒன்று மைப்பேனாவால் எழுதியது, ஒரு தூறலில் நனைந்து முழுக்க நீலக் குளமாகிவிட்டது. அதற்குப் பிறகு பால்பாயிண்ட்தான். அதன் மை எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. நல்ல நோட்டு வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். தோல் அட்டை போட்ட நோட்டில் முதல் பக்கத்தைக் கெடுக்கவே பயமாக இருக்கிறது.

காது

எழுதுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் கண்ணைவிடக் காது அதிகம் சேர்க்கும். செக் நாட்டு இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1928இல் சாகும்வரை, தெருவில் கேட்ட பேச்சின் ஏற்ற இறக்கத்தை இசைக்குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டே இருந்தார். சொன்னது என்ன என்பதோடு, அது எந்தச் சுரத்தில் தொடங்கி எங்கே விழுந்தது என்பதையும். 1903இல் அவர் மகள் ஓல்கா சாகக் கிடந்தபோது அவள் கடைசியாகப் பேசியதையும் முனகியதையும்கூடக் குறித்திருக்கிறார். படிக்கும்போது உடம்பு ஒரு கணம் சில்லிடுகிறது, இது பாசமா, பழக்கமா என்று இன்றும் எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் அவருடைய ஓபராக்களில் பாத்திரங்கள் பாடுவது ஏன் பேசுவதுபோலவே இருக்கிறது என்பதற்குப் பதில் அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

நம்மால் சுரம் எழுத முடியாவிட்டாலும், கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடியே எழுத முடியும். திருத்தாமல் எழுத வேண்டும், அதுதான் சிரமம். ‘நான் சொன்னா அவ எங்க கேக்கப் போறா, நீயே சொல்லிப் பாரு, சொல்லாட்டியும் போ’ என்று ஒரு அம்மா போனில் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று முறை மனம் மாறுகிறது. இதை நான் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் ஒரு முறைகூட மாறியிருக்காது. வாய்ஸ் ரெக்கார்டர் வேண்டாம். அடுத்தவர் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவது எனக்கு ஒப்பாது, அதோடு மணிக்கணக்கான ஒலியைத் திரும்பக் கேட்க யாருக்கு நேரம்? ரெக்கார்டர் என் சொந்தக் குரலுக்கு மட்டும், கை ஒழியாத நேரத்தில். எழுதி வைத்ததையும் அப்படியே பயன்படுத்தாமல், யார் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிவிடுவது மரியாதை.

ஓவியர்களுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. சிலருக்குக் காட்சியைத் திறக்கும் சாவியாக ஒரு வாக்கியம் இருக்கலாம், எனக்கு அப்படி நடந்ததில்லை.

நடை, பொறுக்கல், அப்புறம் அந்த ஸ்க்ரோல்

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 2014இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் வந்தன. அதாவது, யோசனையைக் கொடுத்தது வழியில் பார்த்த காட்சி அல்ல, நடைதான். ஒரே ஒரு சரியான விடை உள்ள சொற்புதிரில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. எனவே நடை, அடைத்த குழாயைத் திறக்கும். குடத்தில் பிடித்து வைப்பது வேறு வேலை. தொடங்கிய படைப்பு நடுவில் முட்டி நிற்கும்போது நடங்கள். சரக்கே இல்லாதபோது நடந்து பயனில்லை, நான் நிறைய நடந்து பார்த்துவிட்டேன்.

பொருள்களைப் பொறுக்கி வருவது கொலாஜ் செய்பவர்களுக்கும் சிற்பிகளுக்கும் உயிர். குர்ட் ஷ்விட்டர்ஸ் முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் டிராம் டிக்கெட், உறைக் காகிதம், மரத்துண்டு எல்லாவற்றையும் ஒட்டிப் படமாக்கினார். தன் பாணிக்கு அவர் வைத்த ‘மெர்ஸ்’ என்ற பெயரே, வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து கிழிந்து வந்த ‘கொமெர்ஸ்’ என்ற சொல்லின் பாதி. பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார், அவ்வளவுதான், வேறு ஒன்றுமே இல்லை அதில். எனக்கு இந்த வழி சரிப்படவில்லை. ஒரு பெட்டி நிறைய துருப்பிடித்த ஆணி, உடைந்த சீப்பு, பொத்தான் சேர்ந்தது, வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் சேர்ந்து தீர்ந்தது.

ஆறு வழி என்றேன், ஆனால் உண்மையில் நம் அரை மணியைத் தின்பது ஏழாவது ஒன்று: பிறர் வரைந்ததை, எடுத்ததைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. அதையும் தேடல் என்றே நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். தொழில்நுட்பம் கற்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே கிடைப்பதெல்லாம் ஒருவர் பார்த்து, தேர்ந்து, முடித்த காட்சி. நமக்கு மிச்சம் வைத்திருப்பது பொறாமை மட்டும்தான்.

ஒரே பொருள்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், எனக்கு இது மிகத் தாமதமாகப் பிடிபட்டது.

ஜோர்ஜோ மொராந்தி என்ற இத்தாலிய ஓவியர் (1890–1964) பொலோன்யா நகரில் தன் தங்கைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். படுக்கையறையே வரையும் அறை. அங்கிருந்த சீசாக்கள், ஜாடிகள், டப்பாக்கள், பெரும்பாலும் இவைதான் ஆயுள் முழுக்க அவருக்கு மாடல்கள். மினுமினுப்பும் லேபிளும் கண்ணை இழுக்கக் கூடாது என்று சில சீசாக்களுக்கு வண்ணம் பூசினார். மேலே படிந்த தூசியைத் துடைக்க விடவில்லை, அதுவும் ஓவியத்தில் வந்தது. ஒரு ஜாடியை ஒரு விரற்கடை நகர்த்தினால் அது அடுத்த ஓவியம். வெளிநாட்டுக்கு முதல்முறை போனதே 66 வயதுவாக்கில்.

செக் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக்கின் கதை இன்னும் நெருக்கமானது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிராக் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது, தெருவில் கனமான கேமராவை நிறுத்தி நிதானமாகப் படமெடுக்கும் காலமாக அது இல்லை. 1940இல் தன் ஸ்டுடியோ ஜன்னலின் பக்கம் கேமராவைத் திருப்பினார். பனி படிந்த கண்ணாடி, வழியும் நீர்த்துளி, அதற்கு அந்தப்பக்கம் தோட்டத்தில் கோணலாக வளர்ந்த ஒரு மரம். 1954 வரை அந்த ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். போர் முடிந்து ஒன்பது வருடம் ஆகியும் அவர் ஜன்னலை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு வழியில்லாமல் தொடங்கியது, வேறு வழி வந்த பிறகும் போதவில்லை.

நான் செய்தது இவ்வளவு பெரிது இல்லை. நாற்காலி முதுகில் காயப்போட்ட ஒரு துண்டு. தினமும் காலையில் இருபது நிமிடம் அதை வரைவது, பிறகு மூன்று வரி. முதல் நாள் துண்டுதான் வந்தது, யார் வீட்டுத் துண்டாகவும் இருக்கலாம். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் ஈரம் கீழ்நோக்கி இறங்குவது தெரிந்தது: மேல் மடிப்பு வெளுத்து லேசாகிவிட்டது, கீழ் ஓரம் இன்னும் கனத்துத் தொங்குகிறது, ஒரு மூலை மட்டும் நூல் பிரிந்து, அதன் நுனியில் துளி சேர்ந்து விழக் காத்திருக்கிறது. தரையில் விழுந்த துளிகள் சேர்ந்து ஒரு கருவட்டம், அது ஓரத்திலிருந்து நடுவுக்குக் காய்ந்து வருகிறது. நான்காம் நாள் அந்த வட்டத்தை மட்டும் வரைந்தேன். ஐந்தாம் நாள் எனக்குத் துண்டைப் பார்த்தாலே எரிச்சல். ஆறாம் நாள் வரையவில்லை, பொய் சொல்லி என்ன, மறந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். ஏழாம் நாள் உட்கார்ந்தபோது, துண்டு நாற்காலியின் தோளைப் போர்த்தியிருந்த விதம் குளித்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஆள் போலவே இருந்தது. ஏழு நாளாக அந்த ஆள் அங்கேயேதான் இருந்திருக்கிறார். அந்த முதுகிலிருந்து நான்கு படங்கள் வந்தன, ஒரு சின்னக் கவிதையும்.

எரிச்சல் வந்த ஐந்தாம் நாளோடு விட்டிருந்தால் கைவசம் துண்டுப் படங்கள்தான் மிஞ்சியிருக்கும். போனும் நடையும் இந்த எரிச்சலுக்கு நம்மை விடுவதே இல்லை, அடுத்த காட்சிக்கு நகர்த்திவிடும். நோட்டு கொஞ்சம் விடும். ஒரே பொருள் அதற்குள் தள்ளியே விடும்.

இதிலும் ஆபத்து உண்டு. பொருளைத் தவறாகத் தேர்ந்தால் வீண். அழகானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன், பூச்சாடி வேண்டாம், அழகு ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். தினமும் கொஞ்சம் மாறுவதாக இருக்க வேண்டும்: ஈரம் காய்வது, வெளிச்சம் நகர்வது, யாராவது கைவைத்துக் கலைப்பது. அதேபோல, சலனத்தையே நம்பி வேலை செய்யும் கார்ட்டூன் கலைஞருக்கோ நாடகம் எழுதுகிறவருக்கோ அசையாத பொருள் பத்து நாளில் சிறையாகிவிடும்.

சரி, எதை எடுப்பது?

வரைகிறவர், வண்ணம் தீட்டுகிறவர் என்றால் என் ஓட்டு ஒரே பொருளும் மலிவான நோட்டும். இரண்டு வாரம் ஒரு பொருள், பிறகு மாற்றலாம். போன் பையிலேயே இருக்கட்டும், ஓடிப்போகும் விஷயங்களுக்கு மட்டும் வெளியே வரட்டும், ராத்திரி ஒரு வரி எழுதும் நிபந்தனையோடு.

கதை, கவிதை, நாடகம் என்றால் காதும் நோட்டும். ஒரே பொருளுக்குப் பதில் ஒரே இடம்: அதே பேருந்து நிறுத்தம், அதே காத்திருப்பு அறை, அதே நேரம். ஆட்கள் மாறுவார்கள், இடம் மாறாது, அந்த வித்தியாசத்திலிருந்தே பாத்திரங்கள் கிளம்புகிறார்கள்.

புகைப்படக்காரருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? எடுப்பதைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தை எடுத்ததைப் பார்ப்பதற்குக் கொடுங்கள் என்று மட்டும். வினோகிராண்ட் மாதிரி ஆறப்போடுங்கள், ஆனால் எந்தத் தேதியில் திறப்பது என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

கைக்குழந்தையோடும் இரண்டு ஷிப்ட் வேலையோடும் அல்லாடுகிறவரிடம் அரை மணி என்பதே கிண்டலாகப் படும். அவர்களுக்கு மூன்று வரி போதும். பால் புட்டி கழுவும்போது பார்த்த ஒன்று, உணர்ச்சி எதுவும் வேண்டாம், பொருள் மட்டும். அதுவும் முடியாத நாளில் போனில் நெருக்கி ஒரு படம். குற்றவுணர்ச்சி வேண்டவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஒரு மாதம் வேறொன்றைத் தொடாமல் இருந்து பாருங்கள். நான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தேன்: நோட்டு, போன், பெட்டி, ரெக்கார்டர். சேகரிப்பது எப்படி என்பதிலேயே அந்த வருடம் கழிந்தது, ஒரு படம்கூட முடியவில்லை.

துண்டுக்கு அப்புறம் குழாயடியில் இருக்கும் வாளியைப் பிடித்திருக்கிறேன். கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை உடைந்து கம்பி மட்டும் தெரியும் வாளி. இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் எரிச்சல் வரவில்லை.